கயாக் ஏற்ற எந்தக் கார், எந்த ரேக்?

கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் படகைப் பற்றியதாக இருக்காது. "இதை ஏற்றிக்கொண்டு போக எஸ்யூவிக்கு மாறியே ஆக வேண்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு, கோவளம், பழவேற்காடு பக்கத்திலேயே இருக்கின்றன. கொஞ்சம் துணிந்தால் பிச்சாவரம், ராமேஸ்வரம். மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் மலையாறுகள். இவற்றுக்கெல்லாம் போய்வர எந்தக் கார் பொருந்தும், அதன் கூரைமேல் படகைத் தாங்க எந்த ரேக் உட்காரும் என்று முடிவெடுக்கத் திணறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயாக்குக்காக உயரமான வண்டி வாங்காதீர்கள். தாழ்வான கூரை, நல்ல குறுக்குக் கம்பிகள், சரியான பட்டைகள் இருந்தால் போதும். மிச்சமாகும் பணத்தை இலகுவான படகில் போடலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

படகின் நீளமும் எடையும். நுரைத்துப் பாயும் மலையாற்றில் ஓட்டும் குட்டிக் கயாக் இரண்டரை மீட்டர் சுமாருக்கு இருக்கும், எடை 20 கிலோ. பொழுதுபோக்குக்கான, மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக் 3 முதல் 4 மீட்டர், எடை 25 முதல் 32 கிலோ. இருவர் ஓட்டுவது 35 கிலோவைத் தாண்டும். பெடல் வைத்த மீன்பிடி கயாக் என்றால் 45 கிலோவுக்கு மேலும் போகும். கடல் கயாக் 5 மீட்டருக்கு மேல் நீளம், ஆனால் எடை 22 முதல் 30 கிலோதான். கடையில் சொல்லும் எடையோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஐந்து லிட்டர் தங்கியிருந்தால் ஐந்து கிலோ கூடுகிறது. ஏற்றும் முன் வடிகால் மூடியைத் திறந்து, படகைச் சாய்த்து, முழுக்க வடியவிட வேண்டும்.

கூரை தாங்கும் எடை. காரோடு வரும் கையேட்டில் இது எழுதியிருக்கும். சிறிய கார்களில் 50 கிலோ, பெரியவற்றில் 75 கிலோ என்பது பரவலாகக் காணும் அளவு. இந்த அளவுக்குள் ரேக்கின் எடையும் அடக்கம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. குறுக்குக் கம்பிகள் 6 கிலோ, படகு தாங்கிகள் இரண்டு ஜோடி 8 கிலோ, 28 கிலோ கயாக் இரண்டு என்றால் 56 கிலோ. கூட்டினால் 70. எல்லை 75 கிலோவாக இருந்தால் மயிரிழையில் தப்பித்தீர்கள். 50 கிலோவாக இருந்தால் ஒரு படகோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தூக்க வேண்டிய உயரம். ஐந்தரை அடி உயரமுள்ளவரின் தோள் தரையிலிருந்து ஏறத்தாழ 1.35 மீட்டரில் இருக்கும். படகு அதற்கு மேல் போகப் போக, சுமை முதுகிலும் தோள்மூட்டிலும் விழுகிறது. காலையில் உற்சாகத்தில் தூக்கிவிடுவோம். மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டபிறகு, வெயிலில், மணல் ஒட்டிய கையோடு அதே படகைத் தனியாகத் தூக்க முடியுமா என்பதுதான் கேள்வி. யாராவது எப்போதும் கூட வருவார் என்று நினைத்துக் கார் வாங்காதீர்கள்.

கம்பிகளுக்கு இடையிலான தூரம். இரண்டு குறுக்குக் கம்பிகளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, படகு அவ்வளவு ஆடாமல் இருக்கும். 70 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நீளப் படகுகளுக்கு நல்லதில்லை.

வண்டி நிற்கும் இடம். அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில் நுழைவு உயரம் 2.1 மீட்டர் என்று பலகை தொங்கும் இடங்கள் உண்டு. படகோடு உள்ளே போக முடியாவிட்டால், விடியற்காலையில் தெருவில் நின்று ஏற்ற வேண்டும். இரவில் திரும்பி வந்ததும் தெருவிலேயே இறக்க வேண்டும்.

## கார்கள்

நம் ஊர்க் கார்ச் சந்தையில் ஒரு விசேஷம் இருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி வரையுள்ள எஞ்சினும் இருந்தால் வரி குறைவு. அதனால் 3.99 மீட்டரில் வந்து நிற்கும் வண்டிகள் ஏராளம். வரிக்காக வெட்டிய அந்தச் சில சென்டிமீட்டர்கள் கயாக்காரருக்கு இரண்டு விதத்தில் வலிக்கின்றன. கூரை குட்டையாவதால் கம்பிகளைத் தள்ளி வைக்க முடியாது. படகின் முனைகளும் காரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

| கார் | நீளம் (மீ) | உயரம் (மீ) | தனியாக ஏற்ற |
|---|---|---|---|
| ஹோண்டா சிட்டி | சுமார் 4.55 | 1.49 | எளிது |
| மாருதி ஸ்விஃப்ட் | 3.86 | 1.52 | எளிது |
| ஹூண்டாய் கிரெட்டா | 4.33 | 1.64 | பரவாயில்லை |
| மாருதி எர்டிகா | 4.40 | 1.69 | பரவாயில்லை |
| மாருதி ஜிம்னி | 3.99 | 1.72 | கடினம் |
| டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா | 4.74 | 1.80 | கடினம் |
| மஹிந்திரா தார் | 3.99 | சுமார் 1.85 | ஸ்டூல் வேண்டும் |

இதற்கு மேல் கம்பிகளுக்காக 10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### ஹேட்ச்பேக்

ஒரே ஒரு 3 மீட்டர் கயாக், வாரக்கடைசி, ஐம்பது கிலோமீட்டருக்குள் பயணம் என்றால் ஸ்விஃப்ட் மாதிரி ஒரு கார் போதும். கூரை தாழ்வு, எரிபொருள் செலவும் குறைவு. தனியாக ஏற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பின்பக்கக் கூரை விளிம்பில் தடித்த ரப்பர் மிதியடியைப் போட்டு, படகின் முன்முனையை அதன்மேல் சாய்த்து வையுங்கள். பிறகு பின்னால் போய் மறுமுனையைத் தூக்கி முன்னே தள்ளுங்கள். ஒரு நேரத்தில் பாதி எடையைத்தான் தாங்குகிறீர்கள். 28 கிலோ படகு என்றால் உங்கள் கைக்கு வருவது 14 கிலோ சுமார். கூரையின் பின்விளிம்பில் ஸ்பாய்லரோ சுறாத்துடுப்பு ஆன்டெனாவோ இருந்தால் மிதியடியைக் கொஞ்சம் பக்கமாக வைக்க வேண்டியிருக்கும். ஸ்பாய்லர் பிளாஸ்டிக் என்பதால் அதன்மேல் பாரத்தை இறக்கக் கூடாது.

குறைகள்: கூரை குட்டை. பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் ரூஃப் ரெயில் (கூரையின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் கம்பி) கிடையாது. மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு, பின்னால் நீண்டிருக்கும் படகில் இடிக்கும். ஆகவே துடுப்பு, லைஃப் ஜாக்கெட், உலர்ந்த துணி எல்லாவற்றையும் படகு ஏறும் முன்பே உள்ளே வைத்துவிட வேண்டும்.

### செடான்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பிடித்தது. எல்லாவற்றிலும் தாழ்வான கூரை இதற்குத்தான். நான்கரை மீட்டர் நீளம் என்பதால் 4 மீட்டர் படகு முன்னும் பின்னும் காரின் நீளத்துக்குள்ளேயே அடங்கும். டிக்கி தனியாக இருப்பதால், படகு மேலே இருக்கும்போதும் மூடியைப் பெரும்பாலும் திறக்கலாம். ஈரத்துணியும் மணலும் உட்காரும் இடத்துக்கு வராது. பழைய செடானை நல்ல விலைக்கு வாங்கலாம் என்பது கூடுதல் வசதி.

இதற்கும் எல்லைகள் உண்டு. தரை இடைவெளி குறைவு. கடற்கரையின் மணல் பாதையில் கடைசி நூறு மீட்டரைப் படகைச் சுமந்தோ தள்ளுவண்டியில் வைத்தோதான் கடக்க வேண்டும். மழைக்காலத்து மலையாற்றுக் கரைகளுக்கு இது உதவாது. வளைந்த கூரை என்பதால் கம்பிகளைத் தள்ளி வைக்கக் கொஞ்சம்தான் இடம் இருக்கும். 5 மீட்டர் கடல் கயாக் என்றால் முன்முனையையும் பின்முனையையும் கயிறு போட்டுக் கட்டாமல் நகரக் கூடாது.

### எம்பிவி (பல இருக்கைக் குடும்ப வண்டி)

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, இரண்டு படகு ஏற்றுபவர்களுக்கு, கடல் கயாக் வைத்திருப்பவர்களுக்கு எர்டிகாவும் இன்னோவாவும் மிகப் பொருத்தம். கூரை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் கம்பிகளுக்கு இடையே ஒரு மீட்டருக்குக் கிட்டத் தள்ளி வைக்கலாம். பின் இருக்கைகளை மடித்தால் உள்ளே ஏராளமான இடம். இரண்டில் எது என்றால், தனியாக ஏற்றுபவருக்கு எர்டிகா. இன்னோவாவின் கூடுதல் பத்து சென்டிமீட்டர் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், கை உயர்த்தித் தூக்கும்போது அது பெரிதாகிவிடும். ராமேஸ்வரம் வரை ஆறு பேரும் இரண்டு படகும் என்றால் இன்னோவாதான்.

### எஸ்யூவியும் ஜீப் வகைகளும்

கிரெட்டா மாதிரி நகரத்து எஸ்யூவிகளில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ரூஃப் ரெயில் உண்மையில் பாரம் தாங்குமா, வெறும் அலங்காரமா? நம் சந்தையில் அழகுக்காக ஒட்டிய ரெயில்கள் நிறைய. கையேட்டில் பாரத்தின் அளவு எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள், விற்பனையாளர் தட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். இரண்டாவது, பெரிய கண்ணாடிக் கூரை. அது மேலே எழும்பித் திறக்கும் வகையாக இருந்தால் கம்பியில் இடிக்கும். அந்த மாடல்களுக்குக் கூரைப்பாரமே வேண்டாம் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. கயாக் வைத்திருப்பவருக்குச் சன்ரூஃப் இல்லாத மாடல்தான் நல்லது, விலையும் குறைவு.

ஜிம்னி ஒரு விதிவிலக்கு. அதன் கூரை ஓரத்தில் பழைய பாணி மழைநீர்க் கால்வாய் இருக்கிறது. அம்பாசடரிலும் ஆம்னியிலும் கேரியர் மாட்டப் பயன்பட்டது இதே அமைப்புதான். ரேக்கின் பிடிப்புக்கு இதைவிட உறுதியான இடம் வேறில்லை. பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் நீட்டிக்கொண்டிருக்கும் படகில் இடிக்காது. ஆனால் அதே கதவில் தொங்கும் ஸ்டெப்னி, பின்னாலிருந்து படகைத் தள்ளி ஏற்றுவதற்கு இடைஞ்சல். பக்கவாட்டிலிருந்துதான் தூக்க வேண்டும். கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழாவிலும் இருவஞ்ஞிப்புழாவிலும் மழைக்காலத்தில் கயாக் ஓட்டப் போகிறவர்களுக்கு இது சரியான வண்டி. அந்த ஆறுகளுக்கான படகு குட்டை, இலகு. பாதைக்கு நான்கு சக்கர இழுவை உதவும். தாரில் துணிக்கூரை மாடல் வாங்கினால் நேரடியாக ரேக் மாட்ட வழியில்லை.

### பிக்-அப்பும் டிரெய்லரும்

பிக்-அப்பின் பின்தட்டு ஒன்றரை மீட்டர் சுமார்தான், படகின் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். டிரெய்லர் வைத்தால் தூக்கும் வேலையே இல்லை, உண்மைதான். ஆனால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், நம் தெருக்களில் பின்னோக்கி எடுக்கும் பழக்கமும் வேண்டும். வாடகைக்குப் படகு விடும் தொழில் நடத்துபவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

## ரேக்: முதலில் கம்பி

கூரையின் வகைதான் இங்கே தீர்மானிக்கிறது, உங்கள் விருப்பம் அப்புறம்.

மழைநீர்க் கால்வாய் உள்ள கூரை என்றால் கால்வாய்ப் பிடி வாங்குங்கள். மலிவு, பலம். நடுவில் இடைவெளி விட்டு உயர்ந்து நிற்கும் ரூஃப் ரெயில் இருந்தால் அதைக் கவ்விப்பிடிக்கும் கம்பிகள் கிடைக்கும். ரெயிலின் நீளம் முழுக்க நகர்த்திக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. கூரையோடு ஒட்டிய ரெயிலுக்குக் காரின் மாடலுக்கேற்ற தனிப் பிடி வேண்டும்.

கால்வாயோ ரெயிலோ இல்லாத மொட்டைக் கூரைதான் சிக்கல். கதவுச் சட்டத்தில் கொக்கி மாட்டி இறுக்கும் அமைப்பு மட்டுமே வழி. ஸ்வீடனின் தூலே போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனித்தனிப் பிடிகள் செய்கின்றன. விலை கனம்தான். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று இணையத்தில் விற்கும் மலிவான கொக்கிகளை நெடுஞ்சாலைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூரையின் வளைவுக்குப் பொருந்தாத பாதம், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஒரு மில்லிமீட்டர் நகரும். ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒட்டிய கடல்மணல் அந்த நகர்வில் பெயின்டைத் தேய்த்து எடுத்துவிடும். எந்தக் கிட் வாங்கினாலும் மாட்டும் முன் கூரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

வெல்டிங் பட்டறையில் செய்யும் இரும்புக் கேரியர் இன்னொரு வழி. செலவு குறைவு, விருப்பப்பட்ட அளவில் கிடைக்கும். ஆனால் கேரியர் மட்டுமே 20 கிலோவைத் தாண்டக்கூடும். 50 கிலோ எல்லையில் அது கிட்டத்தட்ட ஒரு படகைத் தின்றுவிடும். கடற்காற்றில் துருப்பிடிக்கும், அந்தத் துருநீர் கூரையில் கோடு கோடாக இறங்கும். கூரையில் துளைபோட்டு நிரந்தரமாகப் பொருத்துவது வேண்டவே வேண்டாம். நீர் கசிவது ஒருபுறம், ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மறுபுறம். கழற்றி மாட்டும் கம்பியில் இந்தத் தலைவலி இல்லை.

## அப்புறம் படகு தாங்கி

கம்பியும் நுரைத் திண்டும். கம்பிக்கு நுரை உறை போட்டு, படகைக் கவிழ்த்து வைத்துக் கட்டுவது. மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குக்கு இதுவே போதும். செலவு மிகக் குறைவு, மழைநீர் தேங்காது, மொத்த உயரமும் அதிகமாகாது. தொடக்கக்காரர் எல்லோரும் இங்கிருந்து தொடங்கலாம்.

சேணம் போன்ற தாங்கி. படகின் வயிற்றுக்குப் பொருந்தும் நான்கு திண்டுகள். கடல் கயாக்குக்கும், கண்ணாடி இழைப் படகுக்கும் இதுதான் நல்லது. பின்னிரண்டில் வழுக்கும் துணி வைத்த வகை இருந்தால் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுவது சுலபம்.

ஜே வடிவத் தாங்கி. படகைப் பக்கவாட்டில் நிறுத்திப் பிடிக்கும். ஒரே கூரையில் இரண்டு படகு வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இதுதான் வழி. படகுக்கும் நல்லது, ஏனென்றால் பக்கவாட்டு ஓரம் அடிப்பாகத்தைவிட விறைப்பானது. குறை உயரத்தில் இருக்கிறது. ஸ்விஃப்ட்டிலேயே மொத்த உயரம் 2.2 மீட்டரைத் தாண்டிவிடும். பக்கக்காற்றையும் கூடுதலாக வாங்கும்.

கை கொடுக்கும் தாங்கி. தூலேயின் ஹல்லவேட்டர் மாதிரியானவை இடுப்பு உயரம் வரை கீழே இறங்கி வரும். படகை வைத்ததும் வாயு அழுத்தக் குழல்கள் சுமார் 18 கிலோ பாரத்தைத் தாங்கிக்கொண்டு மேலே ஏற்ற உதவும். உயரமான வண்டி ஏற்கெனவே இருக்கிறது, தோளில் வலி இருக்கிறது, தனியாகத்தான் போகிறீர்கள் என்றால் இது வீண் செலவே இல்லை. ஆனால் தாங்கியே கனமானது, கூரை எடைக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

## கட்டும் முறை

லாரிக்காரர்கள் பயன்படுத்தும், நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைக் கயாக்குக்குப் போடாதீர்கள். இரண்டு கிளிக் கூடிப்போனால் பிளாஸ்டிக் படகு குழிந்துவிடும், இழைப் படகு விரிசல் விடும். பற்கள் கவ்வும் சாதாரண பக்கிள் பட்டையைக் கை பலத்தால் இழுத்துக் கட்டினால் போதும். நம் வெயிலில் இது இன்னும் முக்கியம். மே மாத நண்பகலில் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் படகை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், சூட்டில் இளகிய அடிப்பாகத்தில் கம்பியின் தடம் பதிந்திருக்கும். நிழலில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் பட்டையைத் தளர்த்திவிட்டுப் போங்கள். திரும்ப இறுக்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் ரீங்காரம் வராது. முன்முனைக் கயிற்றை பம்பர் பிளாஸ்டிக்கிலோ கிரில்லிலோ கட்டக் கூடாது. காரோடு வரும் திருகு வளையத்தை முன்பக்க இழுவைத் துளையில் மாட்டி அதில் கட்டலாம். பானட்டுக்கு அடியில் போல்ட்டில் பொருத்தும் துணிக் கண்ணிகளும் கிடைக்கின்றன. முதல் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் அசைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஸ்பீட் பிரேக்கர்களும் போலீஸ் தடுப்புகளின் வளைவுகளும் பட்டையைத் தளர்த்திவிடும்.

பாம்பன் சாலைப் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் திறந்த கடலின் மேல் போகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பக்கவாட்டிலிருந்து அடி விழும். ஜே தாங்கியில் இரண்டு படகோடு போகிறவர் பாலத்துக்கு முன்பே நிறுத்தி, நான்கு பட்டைகளையும் முனைக் கயிறுகளையும் சரிபார்த்து, வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும்.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

எரிபொருள் முதலில். வேகம் 80ஐத் தாண்டியதும் கூரைமேல் உள்ள படகு காற்றோடு மல்லுக்கட்டும். வெறும் கம்பிகூடச் செலவு வைக்கும், சத்தமும் போடும். வாரம் முழுக்க அலுவலகம் போகும் கார் என்றால், கழற்ற ஐந்து நிமிடமே ஆகும் கம்பிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுங்கள். மின்சாரக் காரில் இந்த இழப்பு நேராகப் பயணத் தூரத்தில் தெரியும். போகவரத் தேவையான தூரத்துக்கு மேல் தாராளமாக மிச்சம் வைத்துத் திட்டமிட வேண்டும்.

அடுத்தது உப்பு. பூட்டுள்ள ரேக்கில் சாவித்துளைதான் முதலில் இறுகும். ஒவ்வொரு கடல் பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவி, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து வைக்க வேண்டும். பட்டைகளை வெயில் தின்றுவிடும். நிறம் வெளுத்து, ஓரம் பிசிறினால் அடுத்த பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ரேக்கைக் காப்பீட்டில் தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால், இழப்பீடு கேட்கும்போது கையை விரிப்பார்கள்.

பிறகு அபராதம். அனுமதித்த அளவை மீறி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் என்று 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு சொல்கிறது. காரின் நீளத்துக்குள் அடங்கும் படகு வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். பின்முனை கொஞ்சம் நீண்டிருந்தாலும் பகலில் சிவப்புத் துணியும், இரவில் விளக்கும் கட்டுங்கள். பின்னால் வருவது ஹெட்லைட் மங்கிய பைக்காக இருக்கலாம்.

## யாருக்கு எது?

கையில் ஹேட்ச்பேக் இருக்கிறது, ஒரே ஒரு சிறிய படகு என்றால் கார் மாற்ற வேண்டாம். மாடலுக்கான கதவுப் பிடிக் கம்பியும் நுரைத் திண்டும் வாங்குங்கள். தனியாகக் கடல் கயாக் ஓட்டுபவர் செடானும் சேணத் தாங்கியும் எடுக்கலாம். தம்பதியாக இரண்டு படகு என்றால் எர்டிகா அளவுள்ள வண்டி, ஜே தாங்கி. மலையாறு என்றால் ஜிம்னி, கால்வாய்ப் பிடி. ஏற்கெனவே தாரோ ஸ்கார்ப்பியோவோ இருந்தால் கை கொடுக்கும் தாங்கிக்குச் சேமியுங்கள், அதுவரை மடக்கு ஸ்டூல் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

அடித்தளப் பார்க்கிங், லிஃப்டில் நுழையாத படகு, கூட வர ஆளில்லை என்கிற மூன்றும் சேர்ந்த வீடுகள் உண்டு. அவர்களுக்கு ரேக்கே வேண்டாம் என்பேன். காற்றடைக்கும் கயாக் 12 முதல் 18 கிலோவில் டிக்கிக்குள் போய்விடும். காற்றில் அது சறுக்கும், அலைகளில் வேகம் குறையும், ஆனாலும் உப்பங்கழிக்கு நன்றாகவே போகும். கரையோரத்தில் நம்பிக்கையான இடத்தில் மாதவாடகைக்குப் படகை வைக்க முடிந்தால் அது இன்னும் நல்லது.

புதுக் கார்தான் என்று முடிவாகிவிட்டால், ஷோரூமில் முன்பணம் கட்டும் முன் கையேட்டைக் கேட்டு வாங்கிக் கூரைப்பாரம் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்ச் டேப்பால் கூரையின் தட்டையான பகுதியை அளந்து பாருங்கள். பின்கதவைத் திறந்து, அது கூரைக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று கவனியுங்கள். கடைசியாகக் காரின் பக்கத்தில் செருப்போடு நின்று, இரண்டு கையையும் நீட்டிக் கூரையின் நடுவைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். தொட முடியாவிட்டால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.